மாதுளையை எண்ணியவன்

ஒரு மாதுளம்பழத்துக்குள் அறுநூற்றுப் பதின்மூன்று விதைகள் இருப்பதாக யூதர்கள் சொல்வார்கள் என்பதை என் மனைவிதான் முதலில் எனக்குச் சொன்னார். அது ஒரு புரட்டாதி மாதத்து வியாழக்கிழமை. வேலையால் வந்தவர் மேலங்கியைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்று சொன்னார். அவர்களின் மறை விதித்த கட்டளைகள் அறுநூற்றுப் பதின்மூன்று. பழத்துக்குள்ளும் அத்தனை விதைகள். புதுவருடப் பிறப்பில் அதைத் தின்று, இந்த விதைகளைப் போல எங்கள் நற்செயல்கள் பெருகவேண்டும் என்று கேட்பார்களாம்.

நான் தாவரவியல் படித்தவன். ஊரில் அதையே கற்பித்தவன்.

"ஆர் உமக்கு உந்தக் கதை சொன்னது?" என்று கேட்டேன்.

"என்ரை வியாழக்கிழமை அம்மா."

"பழத்துக்குப் பழம் விதையின்ரை தொகை மாறும். ஒரே மரத்திலேயே மாறும்."

"இருக்கட்டுமன்," என்றார் அவர்.

இருக்கட்டும் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் ஒரு பழம் வாங்கிவந்து, பலகையில் வைத்து வெட்டி, ஊசியால் ஒவ்வொரு விதையாக எடுத்துப் பத்துப் பத்தாக அடுக்கினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. நானூற்று எண்பத்தேழு. தொகையைச் சொன்னேன். நாம் உண்பது பழச்சதையே அல்ல, விதையின் வெளியுறை என்பதையும் சொன்னேன். அவர் ஒரு கோப்பையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசி எண்ணச் சொல்லேல்லையே. நீங்கள்தான் எண்ணினது," என்றார். பிறகு என் பத்துக்களை எல்லாம் கையால் ஒரு கிண்ணத்துக்குள் வழித்துவிட்டு, உப்பும் மிளகும் தூவி, இருவருக்கும் நடுவில் வைத்தார்.

நான் சொன்னது சரியாக இருந்தது. அதில் எனக்கு ஒரு நிறைவும் இருந்தது. அந்த நிறைவை இன்றும் துல்லியமாக நினைவுகூர முடிகிறது; அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்பது நினைவில் இல்லை.

அவர் செய்த வேலைக்கு இங்கே யெம்மெயெல்ப் என்று பெயர். நகரசபை அனுப்பும் வீட்டு உதவியாளர். தனியே வாழும் முதியவர்களின் வீட்டுக்குப் போய், தரை துடைத்து, துணி தோய்த்து, அவர்கள் குளிக்கும்போது பிடித்துக்கொண்டு நின்று, வீங்கிய கால்களில் இறுக்கமான காலுறைகளை இழுத்து மாட்டி, கழிப்பறையைக் கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பதினாறு ஆண்டுகள் அதைச் செய்தார். வியாழக்கிழமைகளில் கடைசி வீடு அந்த யூத அம்மையாருடையது. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, எங்களுக்கும் இல்லை. கண்பார்வை நடுவிலிருந்து மங்கிக்கொண்டு வந்ததால், ஆட்களை ஓரக்கண்ணால் மட்டுமே காண்பவர்.

இந்த வேலையைப் பற்றி நாங்கள் வெளியே பேசுவதில்லை. "நாங்கள்" என்று எழுதுவது பிழை. பேச வேண்டாம் என்று சொன்னவன் நான். ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது சொன்னது நினைவிருக்கிறது.

"ஆரும் கேட்டால் நகரசபையிலை வேலை எண்டு சொல்லும். அது காணும்."

"ஓம். நகரபிதாவே நான்தான் எண்டு சொல்லட்டே?" என்றார். சிரித்தபடியே உள்ளே போனார். கேட்டவர்களிடம் நான் சொல்லச் சொன்னதையே சொன்னார்.

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். விரிவுரையாளனாக இருந்தவன் ஒஸ்லோவில் ஓர் உலர்தாவரத் தொகுப்பில், காய்ந்த செடிகளைக் கனத்த தாளில் ஒட்டும் உதவியாளனாக இருந்து ஓய்வுபெற்றேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு இருக்கும். செடியின் பெயர், கிடைத்த இடம், பறித்தவரின் பெயர். பறித்தவரின் பெயர் இல்லாத தாளை நான் ஒருமுறையும் உறைக்குள் போட்டதில்லை. அதில் எனக்குப் பெயர் இருந்தது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மாசியில் என் மனைவி இறந்தார். வயிற்றில் கண்ட நோய். ஏழு கிழமைகள் எடுத்தது. உடலை எரித்து, உரிய அனுமதி பெற்று, சாம்பலை ஒஸ்லோக் குடாவில் கரைத்தோம்.

யாழ்ப்பாணத்துச் சைவர்கள் மரணத்தின் முப்பத்தோராம் நாளில் ஒரு நினைவுப் புத்தகம் அச்சிட்டு, அன்றைய சாப்பாட்டுக்கு வந்தவர்களின் கையில் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். முன் அட்டையில் மாலையிட்ட படம், உள்ளே பதிகங்கள், இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றியுரை. வெண்பாவை நானே கட்டினேன். எங்கும் தளை தட்டவில்லை. வரலாற்றையும் நானே எழுதினேன். இன்னாரின் மகள், இன்னாரின் தமக்கை, இன்னாரின் மனைவி. அடுத்து வந்த நீண்ட வரியில் என் மூன்று பட்டங்களும், ஊரில் நான் வகித்த பதவியும், "நோர்வேயில் தாவரவியல் ஆய்வாளர்" என்ற பொய்யும் இருந்தன. அவரைப் பற்றி, "இல்லத்தரசியாக இருந்து கணவரின் கல்விப் பணிக்கு உறுதுணையாக விளங்கினார்" என்று எழுதினேன். பதினாறு ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

படியைத் திருத்தியவர் என் மனைவியின் தம்பி; ஸ்டோவ்னரில் இருப்பவர். "அத்தான், ஒரு எழுத்துப் பிழையும் இல்லை," என்றார். முன்னூறு பிரதிகள் அடித்தோம். அரைவாசி ரொரன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஊருக்கும் போயின.

புரட்டாதியில் அந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் பேசியது நோர்வே மொழியில். ஆனால் அவர் பேசியதை இங்கே எங்கள் பேச்சுத் தமிழிலேயே தருகிறேன். என் மனைவி அப்படித்தான் அவரை எனக்குப் பேசிக் காட்டியிருக்கிறார், எனக்கு அவருடைய குரலும் அப்படித்தான் கேட்கிறது.

"வாற வியாழன் எங்கடை வருசம். ஒரு மாதுளம்பழம் கொண்டு வாங்கோ. பின்னேரம் வாங்கோ, பொழுதுபட்ட பிறகுதான் முறைப்படி தின்ன வேணும், ஆனால் அந்த நேரம் எனக்கு ஒருத்தரும் இல்லை. நானும் அவவும் பின்னேரமே தின்னுறனாங்கள்."

"சரி," என்றேன்.

"புத்தகத்தையும் கொண்டு வாங்கோ. செத்த வீட்டுக்கு ஒரு புத்தகம் அடிப்பீங்களாமே? தான் செத்தால் நானும் அதிலை வருவன் எண்டு அவ எனக்குச் சொன்னவ."

நான் வசிக்கும் குரோருட்டிலிருந்து சுரங்க ரயிலில் குறொன்லாண்ட் போய் இறங்கினேன். என் மனைவி எந்தக் கடையில் பழம் வாங்கினார் என்பது எனக்குத் தெரியாது. எதிரே இருந்த கடையில் பெரிதாகவும் சிவப்பாகவும் இருந்த ஒன்றை எடுத்தேன்.

அம்மையார் கதவைத் திறந்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் என்னை அளந்தார்.

"நீங்களோ அந்த எண்ணின ஆள்?"

பழம் இருந்த பையை நீட்டினேன். "உள்ளுக்கு வாங்கோ. எத்தினை எண்டு சொன்னவ, நான் மறந்திட்டன்."

"நானூற்று எண்பத்தேழு."

"அப்ப நூற்றிச் சொச்சம் குறையுது. அதை நீங்கள் செய்துபோட்டு வாங்கோ எண்டு கடவுள் விட்டு வைச்சிருக்கிறார்," என்று சொல்லித் தன் பகடிக்குத் தானே சிரித்தார்.

பழத்தை அவரே வெட்டினார். கண் தெரியாதவரின் கத்தி என் கத்தியைவிட நிதானமாக இருந்தது. உள்ளே விதைகள் வெளிறியிருந்தன. ஒன்றை வாயில் போட்டவர், "இது அவ எடுக்கிற பழம் மாதிரி இல்லை," என்றார். தாவரவியலாளனான நான் முற்றாத பழத்தை வாங்கிச் சென்றிருந்தேன். இருவரும் அந்தப் புளிப்பைத் தின்றோம். அவர் தன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு எனக்காக விளக்கினார். புதுவருடத்தின் முதல் நாள் பொழுதுபட்டதும் தொடங்கும் இரண்டாம் நாளில், அந்தப் பருவத்தில் இன்னும் சுவைக்காத ஒரு பழத்தைத் தின்ன வேண்டும். இந்த நாள்வரை எங்களை உயிரோடு வைத்திருந்ததற்கு நன்றி என்று சொல்ல வேண்டும்.

"பிள்ளையில்லாத ரெண்டு மனுசியள், உலகத்திலேயே விதை கூடின பழத்தை நடுவிலை வைச்சுக்கொண்டு சிரிப்பம்," என்றார். "பிள்ளை வேண்டியும் இதைத் தின்னுறவை. எங்களுக்கு அது பலிக்கேல்லை. சரி, பலிக்காட்டிலும் பழம் நல்ல பழம் எண்டு அவ சொல்லுவா."

பிள்ளையில்லாததைப் பற்றி என் மனைவி என்னோடு சிரித்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அழுது பேசியதாகவும் இல்லை.

பிறகு மாதுளையைப் பற்றி நிறையச் சொன்னார். ஜெப ஆலயத்தில் மறைச்சுருளின் இரு தண்டுகளின் மேலும் வெள்ளியில் செய்த கூம்புகளைச் செருகுவார்கள். அவற்றுக்கு மாதுளைகள் என்றே பெயர். பெண்கள் சங்கத்தில் அவற்றைத் துலக்கும் பொறுப்பு பல காலம் அவருடையதாக இருந்தது. பழைய கோவில் இருந்த காலத்தில் தலைமைக் குருவின் அங்கியின் அடிக்கரையில் பொன்மணியும் நூலால் செய்த மாதுளையும் மாறிமாறித் தொங்கினவாம். குரு உள்ளே நடக்கும்போது மணிச்சத்தம் வெளியே கேட்கும்.

"மாதுளை எதுக்கு எண்டு நான் சின்னனிலை அப்பாவைக் கேட்டனான். மணியும் மணியும் இடிச்சு உடையாமல் இருக்க எண்டு சொன்னவர். சத்தம் போடுறது மணி. இடியை வாங்கிறது துணி மாதுளை. அது அப்பா தானாச் சொன்னதோ, எங்கையும் வாசிச்சுச் சொன்னதோ தெரியாது."

அவர் கத்தியைத் துடைத்து ஒரு பக்கம் வைத்தார்.

"சரி, வாசியுங்கோ," என்றார்.

கல்வெட்டை எடுத்து வரலாற்றுப் பக்கத்தை விரித்து, தமிழைப் பார்த்து நோர்வே மொழியில் சொல்லத் தொடங்கினேன். பிறந்த ஊர், பெற்றோர், படித்த பாடசாலை. என் பட்டங்கள் இருந்த வரியை நெருங்கும்போது அவர் குறுக்கிட்டார்.

"வேலை எங்கை வருது? நான் எங்கை வாறன்?"

ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு வசனம் போதும். நான் அந்த நீண்ட வரியைப் பார்த்தபடி, அதில் இல்லாததை வாசிக்கத் தொடங்கினேன்.

"அவர் பதினாறு ஆண்டுகள் ஒஸ்லோ நகரசபையின் வீட்டு உதவியாளராக வேலை செய்தார்," என்று வாசித்தேன். "வியாழக்கிழமைகளில் ஓர் அம்மையாரின் வீட்டுக்குப் போவார். அந்த அம்மையாருக்கு இடது காலைவிட வலது கால் அதிகம் வீங்கும் என்பதால் காலுறையை வலதிலிருந்து தொடங்குவார். சுடுநீர் முதுகில் படுவதற்கு முன் தன் மணிக்கட்டில் படவிட்டுப் பார்ப்பார். புதுவருடத்துக்கு அவருக்காக மாதுளை வாங்குவார். பழத்தைக் காதருகே வைத்து விரல்முட்டியால் தட்டுவார். வெண்கலத்தைத் தட்டியதுபோலக் கேட்டால்தான் எடுப்பார்."

எனக்கே வியப்பாக இருந்தது. இவ்வளவும் என் மனைவி சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார். நான் பத்திரிகையைப் பார்த்தபடி இருந்திருக்கிறேன். கேட்காதவன்போல் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

அம்மையார் நாற்காலியை மேசைக்கு நெருக்கினார். பிறகு கையை நீட்டினார். "நான் வாற இடத்திலை என்ரை விரலை வையுங்கோ."

அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து, என் பட்டங்களும் பதவியும் இருந்த வரியின் தொடக்கத்தில் வைத்தேன். அவர் விரலை வரியின் முடிவுவரை மெல்ல இழுத்துச் சென்றார்.

"நீளமான வரி," என்றார்.

"ஓம். நீளமான வரி," என்றேன்.

புத்தகத்தைத் தன்னிடமே விட்டுப்போகச் சொன்னார். விட்டுவந்தேன்.

மறுநாள் காலையில், முன்தினம் "வாசித்த"தை நோர்வே மொழியில் எழுதி வைத்தேன். அடுத்த முறை கேட்டால் முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லிவிடக் கூடாது என்பதே காரணம். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. எழுதி முடித்துப் பார்த்தபோது, என் மனைவியைப் பற்றிய உண்மையான வரலாறு அந்தப் பொய் மொழிபெயர்ப்பு ஒன்றுதான் என்பதும், அவருடைய உறவினர்களில் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அது இருக்கிறது என்பதும் தெரிந்தன. தாளை மடித்து அகராதிக்குள் வைத்தேன்.

அந்தக் குளிர்காலம் நூலகத்தில் மாதுளையைப் பற்றி வாசித்தேன். துக்கத்தை இப்படி வாசித்துத் தள்ளிப்போடுவது படித்தவர்களுக்குக் கிடைத்த வசதி. நம் புலவர்கள் விதையைப் பல்லுக்கு உவமித்தார்கள்; யூத மறையிலுள்ள காதற்பாடல் பிளந்த பழத்தைப் பெண்ணின் கன்னத்துக்கு உவமித்தது. கானான் நாட்டின் பெருமையாக அவர்களின் மறை சொல்லும் ஏழு விளைச்சல்களில் மாதுளையும் ஒன்று. அவர்களுடைய பழைய அறிஞர்கள், தங்களுக்குள் மிக வெறுமையானவர்கூட மாதுளை விதையால் நிறைவதுபோல நற்செயலால் நிறைந்தவர் என்று கருதினார்கள். விதையின் தொகை அறுநூற்றுப் பதின்மூன்று என்பது பின்னால் சேர்ந்த நம்பிக்கை போலும். நான் வாசித்த எதிலும் ஒருவரும் எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அவர்களின் புதுவருடம் ஐப்பசியை ஒட்டி வந்தது. இந்த முறை கடையில் பழங்களைக் காதருகே வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகவே கேட்டன. அம்மையார் வீட்டுக் கதவைத் திறந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். நகரசபை அனுப்பிய புதிய உதவியாளர். என்னைப் பார்த்தவுடன் தமிழில், "வாங்கோ ஐயா," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பழத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அந்த வேலைக்குத் தமிழ்ப் பெண்கள் போவது புதுமையல்ல. ஆனாலும் என் கண் முதலில் கல்வெட்டைத் தேடியது.

பழம் வந்தது, தின்றோம். அம்மையார் மெலிந்திருந்தார். கல்வெட்டு மேசையில் தயாராக இருந்தது.

"வாசியுங்கோ. ஒவ்வொரு வருசமும் வாசிக்க வேணும், எங்கடை மறையை நாங்கள் வாசிக்கிற மாதிரி," என்றார்.

நான் பக்கத்தை விரித்து, எழுதி மனனம் செய்திருந்ததை வாசித்தேன். பதினாறு ஆண்டுகள், வியாழக்கிழமை, வலது கால், மணிக்கட்டில் சுடுநீர், புதுவருடத்து மாதுளை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடப் போனேன்.

"போன வருசம் காதடியிலை வைச்சுத் தட்டுறது எண்டு ஒண்டு வந்தது," என்றார்.

"ஓம், அதை மறந்துபோனன்."

"வாசிக்கிற ஆள் எப்பிடி மறக்கிறது?"

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"இவ எனக்கு ஈஸ்டர் நேரம் இதை வாசிச்சவ," என்றார் அம்மையார். "ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னனான். முதல்தரம் இவவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாக்கும் எண்டு நினைச்சன்."

நான் மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்தபடி இருந்தேன்.

"அப்ப நான் விரல் வைச்ச வரியிலை என்ன இருக்குது?"

"என்னுடைய பட்டங்கள்."

"எத்தினை?"

"மூன்று."

"அதையும் எண்ணி வைச்சிருக்கிறீங்கள்." அவர் சிரிக்கவில்லை. "ஏன் எழுதேல்லை? என்னை விடுங்கோ. அவவின்ரை வேலையை ஏன் எழுதேல்லை?"

பல மறுமொழிகள் என்னிடம் இருந்தன. கல்வெட்டு என்பது ஒரு மரபு வடிவம், அதில் பெண்களின் தொழிலை எழுதும் வழக்கம் குறைவு, இடம் போதவில்லை. ஒன்றையும் சொல்லவில்லை. "வெட்கம்," என்றேன்.

"அவ என்ரை காலைத் தொட்டது உங்களுக்கு வெக்கம்?"

"ஓம்."

"அவவுக்கு?"

"இல்லை என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை."

அவர் புத்தகத்தை என் கையடியிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, எந்தக் கோபமும் இல்லாத ஓர் ஆசிரியைபோல, தங்கள் முறையைச் சொன்னார். புதுவருடத்திலிருந்து பத்தாம் நாள் நோன்பு; அதற்குள் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். ஓர் ஆளுக்குச் செய்த பிழையை அந்த ஆள்தான் மன்னிக்க வேண்டும். கடவுளும் அதில் தலையிட மாட்டார். அந்த ஆள் இறந்துவிட்டால், பத்துப்பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் கேட்க, இன்ன பிழையை இவருக்குச் செய்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும்.

"அவருக்குக் கல்லறை இல்லை. கடலில் கரைத்தோம்," என்றேன்.

"கடற்கரையிலை நில்லுங்கோ. வருசப்பிறப்புக்கு நாங்களும் பிழையளைக் கொட்டத் தண்ணிக்குத்தான் போறனாங்கள்."

"நான் உங்கள் சமயத்தவன் அல்ல."

"அது எனக்குத் தெரியாதே? உங்களிட்டை இதுக்கு வேறை முறை இருந்தால் அதைச் செய்யுங்கோ. இருக்குதோ?"

யோசித்துப் பார்த்தேன். திவசம் இருக்கிறது, பிண்டம் இருக்கிறது, தர்ப்பை இருக்கிறது. இறந்தவரிடம், ஊர் கேட்க, நான் உனக்கு இதைச் செய்தேன் என்று சொல்லும் சடங்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"பத்திலை ஒண்டு நான். கொண்டுபோய்ச் சேத்தால் வருவன். மற்ற ஒன்பதையும் நான் தர ஏலாது."

சமையலறை வாசலில் நின்ற உதவியாளரை அவர் திரும்பிப் பார்க்காமலே, "இவ ரெண்டாவது," என்றார். நாங்கள் பேசிய நோர்வே மொழி முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது. தலையை ஆட்டினார்.

உதவியாளர் மின்தூக்கிவரை என்னோடு வந்தார். "ஐயா, நான் வேணுமெண்டு வாசிக்கேல்லை. அம்மா கேட்டா, இருந்ததைச் சொன்னனான்," என்றார். நான் அதில் பிழையில்லை என்றேன். மின்தூக்கியின் கதவு திறந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: "என்ரை அம்மாவும் மன்னாரிலை ஆக்களுக்கு, மகள் ஒபிசிலை வேலை எண்டுதான் சொல்லுறா. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னது."

அந்த ஞாயிறு பிற்பகல் ஸ்டோவ்னருக்குப் போனேன். பத்துப்பேரைச் சேர்ப்பதென்றால் மைத்துனரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்; அவர் குடும்பத்தில் மட்டும் ஐவர். வரலாற்றுப் பக்கத்தைத் திருத்தி ஒரு தாளாக அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்பும் எண்ணமும் இருந்தது. தேநீர் குடித்தபடி முழுவதையும் சொன்னேன். அவர் கோப்பையை வைத்தார்.

"அத்தான், உந்த யூதக் கிழவி உங்களுக்கு என்ன மருந்து போட்டது?"

"ஒன்றும் போடவில்லை. பிழை என்னுடையது."

"என்ன பிழை? அக்கா என்ன வேலை செய்தவ எண்டு ஒஸ்லோவிலை தெரியாத சனம் ஆர்? எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சிருக்கிறது வேறை, அச்சிலை வாறது வேறை. அச்சிலை வந்தால் ரொரன்ரோவிலை இருக்கிறவனும் எடுத்துக் காட்டுவான்."

"காட்டட்டுமே."

"உங்களுக்கென்ன, தனி ஆள்! எனக்கு மகளுக்குப் பேச்சுக்கால் நடக்குது. மாப்பிளை வீட்டுக்காரர் வம்சாவளி பாக்கக் கேட்டு, நான் குடுத்ததே அந்தக் கல்வெட்டைத்தான். தாவரவியல் ஆய்வாளற்றை மைத்துனர் எண்டு சொல்லிப்போட்டு இப்ப மாமி கக்கூஸ் கழுவினவ எண்டு வேறை தாள் அனுப்பவே? கலியாணம் முடியட்டும், அத்தான். பிறகு ஆறுதலாச் செய்வம்."

"பத்தாம் நாளுக்குள் என்று சொன்னார்."

"ஆர் சொன்னது? எங்கடை ஐயரோ?"

அவர் மனைவி பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்த இடத்தில் நான் எழுந்து, அவர்கள் ஐவரின் முன்னும் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய வசனம் என்னிடம் தயாராக இருந்தது. மகள் அடுத்த அறையில் தொலைபேசியில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். "சரி, கலியாணம் முடியட்டும்," என்றேன். எனக்குள் எழுந்தது ஏமாற்றம் என்று எழுத விரும்புகிறேன். உண்மையில் அது ஆறுதல். வேறொருவர் தடுத்துவிட்டார் என்ற ஆறுதல். சுரங்க ரயிலில் குரோருட்வரை அந்த ஆறுதலோடுதான் வந்தேன்.

பத்தாம் நாளன்று குடாவின் கரைக்குத் தனியாகப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கேட்க ஒருவரும் இல்லாததால் வாய் திறக்கவில்லை. தனிமையில் சொல்வது எனக்கு எப்போதும் எளிதாக இருந்திருக்கிறது; அதனால்தான் அவர்கள் பத்துப்பேரைக் கேட்கிறார்கள்போலும்.

அம்மையார் மார்கழியில் இறந்தார். உதவியாளர் அழைத்துச் சொன்னார். அவர்களின் அடக்கத்தில் பூக்கள் வைப்பதில்லை. ஆளுக்கு மூன்று முறை மண்வெட்டியால் மண் அள்ளிப் போட்டோம். பத்தில் முதலாவதாக அவர் தன்னையே எண்ணித் தந்திருந்தார்; அந்த ஆளும் குறைந்துபோனார். மைத்துனரின் மகளுடைய கல்யாணம் மறு ஆண்டு ஆவணியில் சிறப்பாக நடந்தது. அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போது அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. இனிமேல் வேறொரு காரணம் இருக்கும்.

இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் வாசிப்பவர்கள் பத்துப்பேராவது இருப்பார்கள் என்று எண்ணுகிறேன். தாளில் சொல்வது வாயால் சொன்னதாகுமா, முகம் தெரியாத வாசகர் அந்தப் பத்தில் சேர்வாரா என்பதைக் கேட்டுத் தெளியக்கூடியவர் இப்போது இல்லை. ஆகாது என்றே அம்மையார் சொல்லியிருப்பார். ஆயினும் சொல்கிறேன்.

என் மனைவி பதினாறு ஆண்டுகள் ஒஸ்லோ நகரசபையின் வீட்டு உதவியாளராக வேலை செய்தார். முதியவர்களைக் குளிப்பாட்டினார். அவர்களின் கால்களுக்கு உறை மாட்டினார். அவர்களின் கழிப்பறைகளைக் கழுவினார். அந்த வேலையை அவர் நன்றாகச் செய்தார். அவர் இறந்தபின் அதை மறைத்து, அந்த இடத்தில் என்னைப் பற்றி எழுதினேன்.